கார் நிறுத்துமிடத்தில் தொடங்கிய சரிவு: ஹீத்ரோ ஐந்தாம் முனையத் திறப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் ஐந்தாம் முனையம் 430 கோடி பவுன் செலவில் எழுந்த கட்டடம். 2008 மார்ச் 27, வியாழக்கிழமை அதிகாலையில் பயணிகளுக்காகத் திறந்தார்கள். அன்று மாலைக்குள் அங்கே பெட்டி வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். புயலோ பனியோ காரணமில்லை. மின்சாரம் போகவில்லை. யாரும் வேலைநிறுத்தம் செய்யவில்லை. சொல்லப்போனால் எல்லாரும் நேரத்துக்கு வேலைக்குக் கிளம்பி வந்தார்கள். வந்தவர்களுக்கு வண்டியை எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. சரிவு அங்கிருந்து தொடங்கியது.

விமான நிலைய வசதிகளைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை கண்ணில் படுவதோடு நின்றுவிடுகின்றன: ஓய்வறை, கடைத்தெரு, இலவச வைஃபை, குழந்தைகள் விளையாடுமிடம். இவை அத்தனையும் குறைவற இருந்தும் ஒரு முனையம் தன் பயணிகளைக் கைவிட்ட கதை இது. பாதாளத்தில் பெட்டி தூக்குபவர் தன் வேலையிடத்துக்கு வந்து சேரும் வழியும் பயணிகள் வசதியில் சேர்ந்ததுதான் என்பது என் வாதம். ஐந்தாம் முனையத்தைக் கட்டியவர்கள் மிகத் திறமையானவர்கள். அவர்கள் சோதிக்காமல் விட்டதும் அந்த வழியைத்தான்.

கட்டடமும் தேதியும்

பிரிட்டனின் திட்டமிடல் வரலாற்றிலேயே மிக நீண்ட பொது விசாரணை இந்த முனையத்துக்காக நடந்தது. 1995 முதல் 1999 வரை, மொத்தம் 525 அமர்வு நாட்கள். 2001 நவம்பரில் அனுமதி கிடைத்தது, 2002-இல் வேலை தொடங்கியது. முன்பு கழிவுநீர்ச் சேற்றைப் பதப்படுத்திக்கொண்டிருந்த நிலம் அது. குறுக்கே ஓடிய இரண்டு ஆறுகளை வேறு வழியில் திருப்பிவிட்டார்கள். கட்டட வடிவம் ரிச்சர்ட் ராஜர்ஸின் நிறுவனத்துடையது. நடுவில் தூண் இல்லாமல் ஒரே வீச்சில் வளைந்து நிற்கும் கூரை, அதன் அடியில் பல தளங்கள். ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகள் என்பது கணக்கு.

கட்டுமான ஒப்பந்தமும் அந்தத் துறைக்குப் புதிது. செலவு எகிறினால் ஒப்பந்தக்காரர் தலையில் கட்டுவதுதான் வழக்கம். இங்கே விமான நிலையத்தின் உரிமையாளரான பிஏஏ நிறுவனம் இடர்ப்பாட்டைத் தானே ஏற்றது. இதனால் வழக்கு, வம்பு, குற்றம் சுமத்தும் கடிதப் போக்குவரத்து எல்லாம் பெருமளவு ஒழிந்தன. பெரிய கட்டுமானங்கள் தவணை தப்புவது வாடிக்கையாக இருந்த நாட்டில், குறித்த தேதியில் குறித்த செலவில் முடிந்த திட்டம் என்று இதை இன்றும் மேலாண்மை வகுப்புகளில் பாடமாக நடத்துகிறார்கள். அந்தப் பாராட்டு நியாயமானதுதான். ஆனால் பல ஆண்டுகளுக்கு முன்பே குறித்த தேதியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் அந்தத் தேதி முகூர்த்தம் ஆகிவிடுகிறது. தாலி தயாரா என்று பார்க்காமலே கெட்டிமேளம் கொட்டத் தோன்றுகிறது.

பயணி நடக்கும் வழியை வடிவமைத்தவர்களைக் குறை சொல்ல எதுவுமில்லை. வாசலில் இறங்கியதும் சுயசேவை செக்-இன் இயந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன, தொண்ணூறுக்கும் மேல். அவற்றைக் கடந்தால் பெட்டி ஒப்படைக்கும் மேசைகள், அதற்கு அப்பால் பாதுகாப்புச் சோதனை. எதற்காகவும் திரும்பி நடக்க வேண்டியதில்லை. அடுத்து எங்கே போக வேண்டும் என்பது கண்ணெதிரே தெரிகிறது, கண்ணாடிச் சுவருக்கு வெளியே விமானமும் தெரிகிறது. வழிகாட்டிப் பலகைகளை நம்பாமல் கட்டடமே வழி சொல்ல வேண்டும் என்ற எண்ணம் இது. நிலத்தடி ரயில் இரண்டு பாதைகளில் முனையத்துக்கு அடியிலேயே வந்து நிற்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள், உணவகங்கள். திறந்தபோது இவ்வளவும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் என்ற ஒரே நிறுவனத்தின் பயன்பாட்டுக்கு. மார்ச் 14 அன்று எலிசபெத் அரசி வந்து முறைப்படி திறந்துவைத்தார்.

திறப்புக்கு முதல் நாள் நடந்த ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். உள்நாட்டுப் பயணியும் வெளிநாட்டுப் பயணியும் ஒரே காத்திருப்புக் கூடத்தில் இருக்கும்படி முனையத்தை அமைத்திருந்தார்கள். அப்படி இருந்தால் இருவர் போர்டிங் பாஸை மாற்றிக்கொண்டு, ஒருவர் குடியேற்றச் சோதனையைத் தாண்டாமலே நாட்டுக்குள் நுழைந்துவிட முடியும். அதைத் தடுக்க உள்நாட்டுப் பயணிகளின் விரல் ரேகையைப் பதிவு செய்வது என்று திட்டமிட்டார்கள். தனியுரிமையைக் கவனிக்கும் தகவல் ஆணையர் கேள்வி எழுப்பியதும் மார்ச் 26 அன்று அதைக் கைவிட்டுப் புகைப்படத்துக்கு மாறினார்கள். எல்லாரையும் ஒரே கடைத்தெரு வழியாக நடக்கவைக்கும் ஆசை இல்லாதிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது என்று எனக்குப் படுகிறது. எப்படியோ, பயிற்சியில் இருந்த ஒரு நடைமுறை விடிவதற்குள் மாறிவிட்டது.

ஒரு பெட்டி போகும் பாதை

பின்னால் நடந்தது புரிய வேண்டுமானால் பெட்டி எப்படிப் பயணம் செய்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்துவிட வேண்டும். மேசையில் ஒப்படைத்த பெட்டி ஒரு ரப்பர்த் திரையைத் தாண்டி மறைகிறது. பெரும்பாலோருக்கு அதன் கதை அங்கே முடிந்து, இன்னொரு ஊரில் சுழலும் பெல்டில் மீண்டும் தொடங்குகிறது. இடையில் உள்ளதுதான் விமான நிலையத்தின் வயிறு.

பெட்டியில் கட்டும் தாள் பட்டையில் பத்து இலக்க எண் ஒன்று இருக்கிறது. அந்த எண்ணுக்குள் பயணியின் பெயரோ விமானமோ ஊரோ இல்லை. வண்டியின் பதிவெண்போல அது வெறும் அடையாளம். இந்த எண் கொண்ட பெட்டி இன்ன பயணியுடையது, இன்ன விமானத்தில் போகவேண்டியது என்ற விவரம் தனியாக, மின்செய்தியாக, விமான நிறுவனத்தின் கணினியிலிருந்து விமான நிலையத்தின் பெட்டி அமைப்புக்கு வருகிறது. பெல்டில் ஓடும் பெட்டியின் எண்ணை ஸ்கேனர் எனப்படும் வருடிகள் படிக்கின்றன. வந்து காத்திருக்கும் செய்தியோடு எண் பொருந்தினால் பெட்டிக்கு வழி தெரியும். செய்தி வராவிட்டால், பட்டை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அந்தப் பெட்டி ஊர் பேர் தெரியாத அநாதை. அதை ஓரமாக ஒதுக்கி, ஆள் ஒருவர் கையில் எடுத்துப் பார்க்கும் இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

வழி தெரிந்த பெட்டி ஊடுகதிர்ச் சோதனைக்குப் போகிறது. விமானத்துக்கு இன்னும் நேரமிருந்தால் அடுக்குக் கிடங்கில் காத்திருக்கிறது. நேரம் வந்ததும் அந்த விமானத்துக்கான சறுக்குத்தடத்தில் வந்து விழுகிறது. இதுவரை இயந்திரம், இதற்கு மேல் மனிதக் கை. சுமைப்பணியாளர் ஒவ்வொரு பெட்டியையும் கையடக்கக் கருவியால் வருடி, கொள்கலனில் அடுக்கி, விமானத்துக்குக் கொண்டுபோகிறார். அந்த வருடலுக்குப் பின்னால் கசப்பான வரலாறு ஒன்று உண்டு. 1985-இல் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானமும் 1988-இல் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊர் மேல் பான் ஆம் விமானமும் வெடித்தது, உரியவர் ஏறாமல் பெட்டி மட்டும் ஏறியதால். அதன் பிறகு, பயணி விமானத்தில் இருக்கிறாரா என்று ஒவ்வொரு பெட்டிக்கும் சரிபார்ப்பது கட்டாயமாயிற்று. பயணி வராவிட்டால் அவருடைய பெட்டியைத் தேடி இறக்கியாக வேண்டும்.

ஐந்தாம் முனையத்தில் இந்த வயிற்றின் நீளம் 17 கிலோமீட்டருக்கும் மேல். மணிக்கு 12,000 பெட்டிகளைக் கையாளும் திறன் கொண்டது, அதாவது நிமிடத்துக்கு 200. இந்த எண்ணைக் கேட்டதும் வியப்பு வருகிறது, எனக்கோ கூடவே வயிற்றைக் கலக்குகிறது. முழுத் திறனில் ஓடும்போது முனையில் எடுக்கும் கைகள் பத்து நிமிடம் நின்றால் 2,000 பெட்டி சேர்ந்துவிடும். சறுக்குத்தடம் நிரம்பினால் பெட்டி விழ இடமின்றிச் சுற்றிவருகிறது. சுற்றுப்பாதை நிரம்பினால் பிரிக்கும் இயந்திரம் நிற்கிறது. அது நின்றால் பின்னால் உள்ள பெல்டுகள் நிற்கின்றன, கடைசியில் செக்-இன் மேசையில் பெட்டி வாங்க முடியாது. கால்வாயின் கடைமடையில் அடைப்பு ஏற்பட்டால் தலைமடையில் கரை உடைவதுபோல.

மார்ச் 27

அதிகாலை 5 மணிக்குச் சற்று முன் ஹாங்காங்கிலிருந்து வந்த விமானம் முதலில் தரையிறங்கியது. ஆனால் முனையத்தின் நாள் அதற்கும் முன்பே தொடங்கியிருந்தது, பணியாளர் கார் நிறுத்துமிடத்தில். இருளில், புதிய சாலைகளில், எந்த நிறுத்துமிடம் தங்களுக்கானது என்று தெரியாமல் பலர் சுற்றினார்கள். நிறுத்திவிட்டு வந்தவர்கள் பணியாளர் பாதுகாப்புச் சோதனையில் வரிசையில் நின்றார்கள். விமான நிலையத்தில் வேலை செய்பவரும் பயணியைப்போலவே சோதிக்கப்பட்டுத்தான் உள்ளே போக முடியும். அதையும் தாண்டியவர்கள் கட்டடத்துக்குள் தங்கள் இடம் எது என்று தேடினார்கள். தேடிக் கண்டுபிடித்தவர்களில் பலரால் கணினியில் உள்நுழைய முடியவில்லை. எந்த விமானத்துக்கு யார் போக வேண்டும் என்ற வேலைப் பங்கீடு அந்தக் கணினி வழியாகத்தான் வந்தாக வேண்டும். உள்நுழையாதவருக்கு வேலை வராது. ஆள் இருக்கிறார், பெட்டி இருக்கிறது, விமானமும் நிற்கிறது. மூன்றையும் சேர்த்துவைக்கும் முடிச்சு மட்டும் இல்லை.

இவற்றில் எதுவும் தனியாகப் பெரிய கோளாறு இல்லை. கார் நிறுத்துமிடத்தில் பதினைந்து நிமிடம், சோதனை வரிசையில் இருபது நிமிடம், உள்நுழைவுச் சொல் வேலை செய்யாததில் அரை மணி. பழைய முனையத்தில் இப்படி ஒரு காலை அமைந்திருந்தால் மேற்பார்வையாளர் யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தெரிந்த குறுக்குவழியில் அனுப்பிச் சமாளித்திருப்பார். புதிய கட்டடத்தில் குறுக்குவழி யாருக்கும் தெரியாது. பழக்கம் என்பது ஊரைக் காலி செய்யும்போது லாரியில் ஏறாத சாமான்.

காலை விமானங்கள் தாமதமாயின. சில விமானங்கள் பெட்டிகளை ஏற்றாமலே பறந்தன. தவறிய பெட்டிகள் அமைப்புக்குள்ளேயே தங்கி, அடுத்த விமானங்களின் பெட்டிகளோடு இடத்துக்குப் போட்டியிட்டன. வந்திறங்கியவர்கள் பெல்ட் முன்னால் நீண்ட நேரம் நின்றார்கள். நண்பகலுக்குள் விமானங்கள் ரத்தாகத் தொடங்கின. மாலையில், இனி கைப்பை மட்டும் கொண்டு பறக்கலாம், பெட்டி வைத்திருப்பவர் வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளலாம், அல்லது பணத்தைத் திரும்பப் பெறலாம் என்று அறிவித்தார்கள். முதல் நாளிலேயே முப்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. முதல் ஐந்து நாட்களில் ரத்தானவை ஏறத்தாழ 500. உரியவரைச் சேராத பெட்டிகள் 23,000-க்கும் மேல். பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு அந்த ஐந்து நாள் நட்டம் 1.6 கோடி பவுன்.

தேங்கிய பெட்டிகளில் ஒரு பகுதியை லாரியில் ஏற்றி இத்தாலியின் மிலான் நகருக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு கூரியர் நிறுவனம் பிரித்துக் கொடுத்தது. நிமிடத்துக்கு 200 பெட்டிகளைப் பிரிக்கவென்றே கட்டிய இயந்திரத்தின் பக்கத்திலிருந்து, பெட்டிகள் கடலைத் தாண்டிச் சாலை வழியாகப் போய்ப் பிரிபட்டுத் திரும்பின. கதை எழுதுபவன் கற்பனை செய்திருந்தால் மிகை என்று அடித்திருப்பார்கள்.

எடுக்க மறந்த வடிகட்டி

மனிதத் தாமதம் பாதிக் கதை. மீதி மென்பொருளில் இருந்தது. அதிலும் ஒன்றைத் தனியாக எடுத்துப் பேச வேண்டும்.

திறப்புக்கு முன் பெட்டி அமைப்பை மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்தார்கள். அப்படி ஓட்டும்போது சோதனைப் பெட்டிகளைப் பற்றிய பொய்ச் செய்திகள் உருவாகும். அவை ஹீத்ரோவின் மற்ற முனையங்களில் உண்மையாக வேலை செய்துகொண்டிருந்த அமைப்புகளுக்குப் போய்விடக் கூடாது. போனால் இல்லாத பெட்டியைத் தேடி அங்கே ஆட்கள் அலைவார்கள். ஆகவே நடுவில் ஒரு மென்பொருள் வடிகட்டியை வைத்தார்கள். நல்ல ஏற்பாடுதான், பொறுப்பான வேலைதான். திறப்பு நாளன்று அதை எடுக்க மறந்துவிட்டார்கள்.

விளைவாக, மற்ற விமான நிறுவனங்களில் வந்திறங்கி இங்கே விமானம் மாறும் பயணிகளின் பெட்டி விவரம் ஐந்தாம் முனையத்துக்கு வந்து சேரவில்லை. பெட்டி வந்தது, செய்தி வரவில்லை. மேலே சொன்ன அநாதைப் பெட்டிகள் கூட்டம் கூட்டமாகக் கையால் பிரிக்கும் இடத்துக்குப் போய்க் குவிந்தன. அங்கே பிரிக்க வேண்டியவர்களோ கார் நிறுத்துமிடத்திலிருந்து அப்போதுதான் வந்துகொண்டிருந்தார்கள்.

கட்டடம் முடிந்ததும் சாரத்தைப் பிரித்துவிடுவார்கள். பிரிக்காவிட்டால் தெருவில் போகிறவன்கூடக் கேட்பான். மென்பொருளுக்குள் கட்டிய சாரம் யார் கண்ணுக்கும் தெரியாது. எதையெல்லாம் தற்காலிகமாக வைத்தோம் என்று வேறொருவர் கையில் ஒரு பட்டியல் இருந்தால்தான் அது வெளியே வரும். இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த சான்று இதுதான். கவனக்குறைவால் செய்த ஒன்று அன்று யாரையும் வீழ்த்தவில்லை. கவனமாகச் செய்த ஒன்றுதான் வீழ்த்தியது.

வேறு மென்பொருள் சிக்கல்களும் இருந்தன. சில இடங்களில் கம்பியில்லா இணைப்பு இல்லாததால் கையடக்கக் கருவிகளில் விவரம் பதிய முடியவில்லை. பெட்டியையும் பயணியையும் சரிபார்க்கும் கணினிக்குத் தகவல் சரியாகப் போகாததால், சோதனை முடிந்த பெட்டிகளையே சோதனை முடியாதவை என்று அது நிறுத்திவைத்த நாளும் உண்டு. விமானத்தைத் தவறவிட்டது பெட்டிதான், பழி மட்டும் மேசையில் இருந்தவர் மேல் விழுந்தது.

இதோடு அமெரிக்காவின் டென்வரை ஒப்பிடுவது வழக்கம். அந்த ஒப்பீட்டில் எனக்குப் பாதி உடன்பாடுதான். டென்வர் விமான நிலையம் 1993 அக்டோபரில் திறக்க வேண்டியது, தானியங்கிப் பெட்டி அமைப்பின் தொல்லையால் 1995 பிப்ரவரி 28 அன்றுதான் திறந்தது. அந்த அமைப்பு கடைசிவரை ஒழுங்காக ஓடவில்லை, 2005-இல் முற்றிலும் கைவிட்டார்கள். அங்கே தொழில்நுட்பமே யாரும் அந்த அளவில் முயலாதது. ஐந்தாம் முனையத்திலோ வேறு இடங்களில் ஓடிப் பழகிய தொழில்நுட்பத்தையே வேண்டுமென்று தேர்ந்தெடுத்தார்கள். பெல்டும் பிரிப்பானும் தம்மளவில் ஒழுங்காகவே ஓடின. சரியான ஒப்பீடு ஹாங்காங். 1998 ஜூலை 6 அன்று ஒரே இரவில் பழைய காய் டாக் நிலையத்தை மூடிவிட்டுப் புதிய செக் லாப் காக்குக்கு மாறினார்கள். விமானத் தகவல் பலகைகள் தடுமாறின, சரக்கு முனையம் முடங்கியது, மூடிய பழைய இடத்தின் சரக்குப் பகுதியை மறுபடி திறந்து சமாளித்தார்கள். ஐந்தாம் முனையத்துக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே நடந்த, எல்லாருக்கும் தெரிந்த கதை அது.

ஒத்திகையில் இல்லாதவர்கள்

ஒத்திகையே நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சுமார் 15,000 தன்னார்வலர்கள் பயணிகளாக நடித்தார்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து, வரிசையில் நின்று, சோதனையைத் தாண்டி, வாயில்வரை நடந்து பார்த்தார்கள். அதனால்தான் திறப்பு நாளில் பயணிகள் வழி தவறித் திரிந்ததாகப் பெரிய புகார் இல்லை. சோதித்த பகுதி வேலை செய்தது.

ஆனால் தன்னார்வலர் என்பவர் நல்ல மனநிலையில் வந்தவர். விமானம் தவறிவிடுமே என்ற பதற்றம் அவருக்கு இல்லை. அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, எடை கூடிய பெட்டியைத் தரையில் திறந்து துணிமணிகளை மாற்றி அடுக்குபவர் அவரில்லை. இதைவிடப் பெரிய விடுபடல், அவர் பயணி மட்டுமே என்பது. அதிகாலை வேலைநேரத்தின் மொத்தப் பணியாளர்களும் ஒரே சமயத்தில் வந்து, வண்டியை நிறுத்தி, சோதனை தாண்டி, கணினியில் நுழைந்து, முதல் விமானத்துக்குப் பெட்டி ஏற்றுவது என்ற ஒரே தொடர்ச்சி முழு அளவில் ஒத்திகை பார்க்கப்படவில்லை. பணியாளர்களுக்குப் பழக்கம் போதவில்லை என்று தொழிற்சங்கம் பின்னர் இந்தச் சரிவை விசாரித்த நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னது.

ஏன் பார்க்கவில்லை? நேரம் இல்லை. கட்டடத்தை 2007 செப்டம்பரில் முழுமையாக ஒப்படைப்பதாக ஏற்பாடு. உள்ளே வேலைகள் முடியாமல் இழுத்தன, ஒத்திகைகளில் சில சுருங்கின, சில கைவிடப்பட்டன. கட்டடம் தாமதமானதால் சோதனையில் விட்டுக்கொடுத்தோம் என்று பிரிட்டிஷ் ஏர்வேஸின் தலைமை நிர்வாகி வில்லி வால்ஷ் அந்தக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். கட்டுமானம் தன் தேதியைக் காப்பாற்றிக்கொள்ள, சோதனையின் பங்கிலிருந்து நாட்களைக் கடன் வாங்கியது. எந்தத் திட்டத்திலும் கடைசியில் நிற்பது சோதனைதான், ஆகவே எல்லாரும் அதனிடமே கடன் கேட்கிறார்கள். அது வாய் திறந்து மறுக்காது.

2008 நவம்பரில் வெளியான நாடாளுமன்றப் போக்குவரத்துக் குழுவின் அறிக்கை, நாட்டின் பெருமையாக இருந்திருக்க வேண்டிய நாள் தலைகுனிவாகிவிட்டது என்றது. நிலையத்தின் உரிமையாளரான பிஏஏவும் அதில் குடியிருக்கும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் ஒருவரோடொருவர் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை என்பது அறிக்கையின் முக்கியக் குற்றச்சாட்டு. இது ஹீத்ரோவுக்கு மட்டும் உரிய நோயில்லை. பயணி விமான நிலையத்தை ஒரே இடமாகப் பார்க்கிறார். உண்மையில் பெல்ட் ஒருவருடையது, அதில் பெட்டி தூக்குபவர் இன்னொருவருடைய ஆள், சோதனை வாயில் மற்றொருவர் பொறுப்பு, குடியேற்றம் அரசு, கடை குத்தகைக்காரர். சீருடைகள் மாறும் எல்லைக்கோட்டில்தான் பெட்டிகள் காணாமல் போகின்றன.

பயணிக்குக் கிடைத்தது

அன்றிரவு பலர் முனையத்திலேயே படுத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு 261-ஆம் எண் விதிப்படி, விமானம் ரத்தானால் மாற்று விமானம் அல்லது பணம், இடையில் உணவு, தேவைப்பட்டால் தங்குமிடம் தர வேண்டியது விமான நிறுவனத்தின் கடமை. விதியில் தங்குமிடச் செலவுக்கு உச்சவரம்பு இல்லை. நிறுவனம் பயணிகளுக்குத் தந்த கடிதத்தில் வரம்பு ஒன்று இருந்தது. கண்டனம் எழுந்த பிறகு அது மாறியது. நெருக்கடி நேரத்தில் பயணி கையில் கிடைக்கும் ஒரு தாளும் பயணிகள் சேவைதான் என்பதை அன்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

கட்டடத்தின் 275 லிஃப்டுகளில் 28 அன்று ஓடவில்லை. செய்திகளில் பெட்டிகள்தான் இடம்பிடித்தன. சக்கர நாற்காலியில் வந்தவருக்கோ, பல தளங்களாக அடுக்கிய கட்டடத்தில் பெட்டியைவிட லிஃப்ட்தான் முதல் கவலை. நடக்க முடிந்தவர் நகரும் படிக்கட்டைத் தேடிக்கொள்வார். மற்றவருக்கு நின்றுபோன லிஃப்ட் என்பது மூடிய கதவு. பத்தில் ஒன்று ஓடவில்லை என்று சதவீதமாகச் சொன்னால் சின்ன விஷயமாகத் தெரிகிறது. தன் வாயிலுக்குப் போகும் ஒரே லிஃப்ட் அந்தப் பத்தில் ஒன்றாக இருந்தவரிடம் சதவீதம் செல்லாது.

வழங்கிய தகவலும் குறைவு. எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று மேசையில் இருந்தவரால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அவருக்கும் தெரியாது. இன்று நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் 753-ஆம் தீர்மானம் 2018 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது. ஒப்படைக்கும்போது, விமானத்தில் ஏற்றும்போது, மாறும் நிலையத்தில் கைமாறும்போது, வந்திறங்கியதும் என நான்கு இடங்களில் பெட்டியைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது. பெட்டி தொலைவதை அது நிறுத்திவிடவில்லை. எங்கே தொலைந்தது என்று சொல்லவாவது முடிகிறது.

பிறகு

முதல் கோணல் முற்றும் கோணல் என்ற பழமொழியை ஐந்தாம் முனையம் பொய்யாக்கியது. சில வாரங்களில் பெட்டிகள் ஒழுங்காகப் போகத் தொடங்கின. ஏப்ரலில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் மூத்த இயக்குநர்கள் இருவர் வெளியேறினார்கள். நான்காம் முனையத்திலிருந்து நெடுந்தொலைவு விமானங்களை ஏப்ரல் 30 அன்று ஒரே மூச்சில் கொண்டுவரும் திட்டத்தைத் தள்ளிவைத்து, ஜூன் முதல் அக்டோபர்வரை சிறிது சிறிதாக மாற்றினார்கள். அந்த மாற்றம் நடந்ததே பலருக்குத் தெரியாது. 2012 தொடங்கிப் பயணிகள் வாக்களிப்பில் உலகின் சிறந்த முனையம் என்ற பட்டம் இதற்குப் பல முறை கிடைத்தது. கட்டடம் அதே கட்டடம்தான், பெல்டும் அதே பெல்ட்.

ஒரே நாளில் மாறாமல் வேறு வழி இருந்ததா என்ற கேள்விக்கு, இணைப்புப் பயணிகளை நம்பி நடக்கும் நிறுவனம் தன் சேவையை இரண்டு முனையங்களில் பிரித்துவைக்க முடியாது என்ற பதில் சொல்லப்படுவதுண்டு. இதை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் அந்த நிறுவனம் முதலாம், நான்காம் முனையங்களில் பிரிந்துதான் இயங்கியது. இரண்டு கட்டமாக மாறுவது என்றுதான் இங்கும் திட்டமிட்டார்கள். முதல் கவளமே தொண்டையில் அடைக்கும் அளவுக்குப் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

சரியான பதில் அதே விமான நிலையத்தில் ஆறு ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. புதிய இரண்டாம் முனையம் 2014 ஜூன் 4 அன்று திறந்தபோது யுனைடெட் என்ற ஒரே நிறுவனத்தின் விமானங்கள் மட்டும் அங்கே இயங்கின. முனையத்தின் திறனில் பத்தில் ஒரு பங்கு. மொத்தம் 26 நிறுவனங்கள் குடியேற வேண்டியிருந்தது. அவற்றை அடுத்த சில மாதங்களில் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார்கள். முன்கூட்டியே நடத்திய ஒத்திகைகள் சுமார் 180. பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும் மாதங்களில் செலவு இரட்டிப்பு, பேருந்தில் பயணிகளை ஏற்றி இறக்கும் தொல்லையும் உண்டு. ஆனால் முதல் நாள் தவறுகள் பத்தில் ஒரு பங்குப் பயணிகளைத்தான் தொடும். அன்று செய்தியாளர்கள் கேமராக்களோடு வந்து காத்திருந்தார்கள். படம் பிடிக்கப் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை.

2008 மார்ச் இரவில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விட்டுவந்த முதலாம் முனையம் 2015 ஜூன் 29 அன்று மூடப்பட்டது. மேசைகள், நாற்காலிகள், வழிகாட்டிப் பலகைகளைப் பின்னர் ஏலம் விட்டார்கள். அடியில் இருந்த பெட்டி அமைப்பை மட்டும் நிறுத்தவில்லை. பக்கத்தில் இருந்த புதிய இரண்டாம் முனையம் பெட்டிகளுக்கு அதைத்தான் நம்பியிருந்தது. ஆகவே மேலே விளக்கணைந்த கூடங்கள் காலியாகக் கிடக்க, கீழே பழைய பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது.